சர்க்கரைக் கிடங்கின் சாவி

ஓர் உடம்புக்குள் ஒரு கல்லீரல் இருந்தது. சர்க்கரைக் கிடங்கின் சாவி தன் இடுப்பில் தொங்குவதில் அதற்குக் கொஞ்சம் கர்வம்.

அன்று காலை உடம்புக்காரர் வெறும் வயிற்றோடு இரத்தப் பரிசோதனைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கணையம் அனுப்பிய தூதன் குளுக்ககான் பதவிசாக வந்து, "அண்ணே, மூளைக்குப் பசிக்குதாம். ஒரு கரண்டி போடுங்க, போதும்" என்றது. கல்லீரல் அளந்து ஒரு கரண்டி போட்டது.

அப்போது அட்ரினலின் தலைதெறிக்க ஓடிவந்தது. "புலி! புலி! எல்லாத்தையும் அள்ளிக் கொட்டுங்க, ஓடணும்!"

கல்லீரல் மறுபேச்சுப் பேசாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டியது. இரத்தம் பாயசமாகிவிட்டது. ஆனால் யாரும் ஓடவில்லை. கால்கள் நாற்காலிக்கு அடியில் சும்மா ஆடிக்கொண்டிருந்தன.

"புலி எங்கேப்பா?" என்றது கல்லீரல்.

அட்ரினலின் தலையைச் சொறிந்தது. "புலி மாதிரிதான் இருந்துச்சு அண்ணே. பார்த்தா, நர்ஸ் கையில ஊசி."

இன்சுலின் துடைப்பத்தோடு வருவதற்குள் ஊசி இரத்தத்தை எடுத்துவிட்டது.

மாலையில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வெறும் வயிறுன்னு சொன்னீங்க. அல்வா சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை டாக்டர்!"

கல்லீரல் சாவியை இடுப்புக்குள் செருகிக்கொண்டு, வெகு மும்முரமாகப் பித்தநீரைச் சுரக்க ஆரம்பித்தது.