இன்னும் கொஞ்சம் பெருசா

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க மதாம்" என்று கொளஞ்சி சொன்னது பச்சைப் பொய்.

வயசு இருபத்து நாலு. ஊசியில் நூல் கோத்தால் முதல் தடவையே நுழைந்துவிடும். படிப்புதான் மூணாவதோடு நின்றுபோச்சு. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் உலை பொங்கி அடங்கிவிடும். புதுச்சேரி நெல்லித்தோப்பு பிரவுசிங் சென்டரில், நாலு பேர் எதிரில், அதை எப்படிச் சொல்வது?

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததா என்று நெட்டில் லிஸ்ட் போட்டிருந்தார்கள். பேர் இருந்தால் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்க்க வேண்டும். இப்போதே மணி பதினொண்ணு.

"நீங்களே படிச்சுச் சொல்லிடுங்களேன் மதாம்."

சென்டர் நடத்தும் மோனிக், பிரான்சு பென்ஷன் வாங்குகிற வீட்டுப் பெண். நாக்கில் பிரெஞ்சு தண்ணியாய் ஓடும். அவள் முகம் என்னவோ போலானது.

"நான் எதுக்கு? பென்ஷன் தாத்தாங்களுக்குப் பண்ற மாதிரி எழுத்தைப் பெருசாக்கித் தர்றேன். நீயே பாத்துக்க."

ஏதோ பட்டனை அழுத்தி மௌஸை உருட்டினாள். எழுத்து இட்லி அளவுக்கு உப்பியது.

"இப்பத் தெரியுதா?"

"மங்கலாத்தாங்க..."

தோசை அளவுக்கு வந்தது.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்..."

"இந்த வயசுலயே இப்படியா? டாக்டர்கிட்ட காட்டும்மா."

கடைசியில் திரை முழுக்க ஒரே ஒரு எழுத்து. ரோட்டில் சைக்கிளில் போகிறவன்கூடப் படித்துவிடுவான். கொளஞ்சிக்கு வேர்த்து ஊற்றியது.

ஒரு வரி படிச்சுச் சொன்னா வாய் தேஞ்சா போயிடும்? பிரான்சுத் திமிரு, என்று மனசுக்குள் திட்டினாள்.

வேறு வழியில்லை. மோனிக் நகர்த்த நகர்த்த, ஒவ்வொரு எழுத்தாய் உதட்டுக்குள் முனகினாள். ஒரு 'செ' வந்தது. மகள் பேரின் முதல் எழுத்து. அடுத்தது 'ல்'. அது யாரோ செல்வராசு.

இன்னொரு 'செ'. 'ந்'. 'த'. 'மி'.

இத்தனை நீளமாய்ப் பேர் வைத்த புருஷன் சிலம்பரசனுக்கும் மனசுக்குள் நாலு விழுந்தது. ஒன்பதாவது எழுத்தாய் 'வி' வந்தபோது கண் நிஜமாகவே மங்கிவிட்டது.

"செந்தமிழ்ச்செல்வி. எம் பொண்ணுதாங்க மதாம்."

மோனிக்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கொளஞ்சிக்கு மனசு உறுத்தியது.

"மதாம், எங் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்குப் படிக்கத்தான் சரியா வராது. வெக்கமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன்."

மோனிக் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேஜை டிராயரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து மெதுவாய் அவள் பக்கம் தள்ளினாள்.

"பொண்ணைச் சேத்துட்டுத் திரும்பி வா. எந்த மண்டபம்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு. நான் படிச்சதெல்லாம் பிரெஞ்சு. எவ்ளோ பெருசாக்கினாலும் எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."