மைவிக்கு நாலு புது டயர்

பழைய டயர்களைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கடைக்குள் நுழைந்தேன்.

'நான் வரவில்லை.' இரண்டே சொல். அதற்கு மூன்று வாரமாக ஒத்திகை.

ஈப்போவின் சிலிபின் சாலையில் காலை பத்து மணிக்கே வெயில் சுட்டது. அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. கிரிக் மலைச்சாலை ஏறி, மறுபக்கம் இறங்கி, திரெங்கானு கடலைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். திட்டம் போட்டது என் கணவர் தர்மேந்திரன். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த வருடம்தான் அவருக்கு விடுப்பு கிடைத்தது.

இந்த வருடம் பார்த்து ஆசிரியையான எனக்கு மாற்றலும் கிடைத்தது. தெற்குக் கோடியில், ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளி. விடுமுறை முடிந்ததும் அங்கே போய்ச் சேர வேண்டும். விண்ணப்பித்தது நான்தான், அவரிடம் சொல்லாமல். கடிதம் கைப்பையில் இருந்தது.

அடி உதை இல்லை. குடி இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்வது சுலபம்.

கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து அவர் வரும்போது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். எட்டு வருடத்தில் நாங்கள் அதிகம் பேசியது சமையல் கேஸ் தோம்பு தீர்ந்ததைப் பற்றித்தான். வெறுப்பு என்று ஒன்றுமில்லை. களைத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான்.

"இத பாருங்க தம்பி, ஸ்போர்ட் டயர் லா," என்றார் அர்ச்சுனன். அந்தக் கடையில் முப்பது வருடமாக டயர் மாற்றுகிறவர். "கிரிக் வளைவுல அட்ட மாதிரி ஒட்டிக்கும்."

டயரில் ஒட்டியிருந்த தாளில் கோடைக்கால டயர் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஈப்போவுக்கு அதைப் போய் யார் எழுதி அனுப்பினார்களோ. இங்கே ஜனவரியும் கோடைதான்.

என் கணவர் உடனே இதற்கு விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டு, வீட்டில் இருக்கிற ஒரே காரான மைவிக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் மெழுகு போடுகிற மனிதர். அதற்கு ரேஸ் கார் டயர் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. டயர் வீடியோ ஓடினால் தட்டில் சோறு காய்ந்துவிடும்.

இன்று அந்த டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தூங்காத கண்ணோடு குந்தி உட்கார்ந்து, வேறொரு டயரின் பள்ளங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஓரத்தில் இருந்த நாலு எண்களைப் படித்து, எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்று நாலு டயருக்கும் தனித்தனியாகப் பார்த்தார்.

"மழையில இது எப்படிண்ணே? ரோட்டுல தண்ணி நிக்கிறப்போ இழுக்குமா?"

"இழுக்காது. ஆனா வளைவுல அந்த அளவுக்கு வராது லா."

"பரவால்ல. சத்தம்?"

"சத்தமும் கம்மி. வண்டியில தூங்கிட்டே போலாம்."

"தூங்கக் கூடாதுண்ணே," என்றார். அர்ச்சுனன் சிரித்தார்.

மழை என்றால் எனக்கு உயிர் போய்விடும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்வேன். லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என் பள்ளி வரைக்கும்தான் என் வீரம். ரப்பர் தோட்டம் போய் வீடுகள் வந்த பிறகும் தோட்டத்தின் பெயரை விடாத அந்தச் சின்னப் பள்ளியைத் தாண்டி நான் வண்டி ஓட்டியதில்லை.

எனக்காகத்தான் இவ்வளவும் கேட்கிறார் என்று புரிந்தது. இத்தனை வருடம் இல்லாத அக்கறை இப்போதுதான் வர வேண்டுமா என்று எரிச்சல் வந்தது.

அதற்குள் வண்டி ஜாக்கியில் ஏறிவிட்டது. ஒரு டயர் கழன்றது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. நான் எதிரே இருந்த சீனர் கோப்பிக் கடையின் பலகையை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். திரும்பிப் பார்த்தபோது நாலும் புதுசு.

அர்ச்சுனன் காற்றுக் குழாயோடு வந்தார்.

"எத்தன பேரு போறீங்க? சாமான் எவ்ளோ? அதுக்குத் தகுந்த மாதிரி காத்து வைக்கிறேன்."

இதை விட்டால் இனி இடம் கிடைக்காது. வாயைத் திறந்தேன்.

"ஒரு ஆளுதாண்ணே," என்றார் இவர். "பின்னால சாமான் நெறைய இருக்கும். ஜொகூர் வரைக்கும் ஹைவே."

அர்ச்சுனன் என்னை ஒருமுறை பார்த்தார். குனிந்து காற்று வைத்தார்.

ஜொகூர் என்ற பேச்சே எங்கள் வீட்டில் வந்ததில்லை. கடிதத்தை எப்போது பார்த்தார், எத்தனை நாளாகத் தெரியும்? அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது பேசியிருப்பேன். தூக்கம் மட்டும்தான் இருந்தது.

கால்சட்டைப் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தார். புது டயர் போட்டால் எல்லாரும் வைப்பதுதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒன்றை வைத்துவிட்டு, முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீயே எடு, விமலா. வண்டி ஓட்டப் போறவங்கதான் நசுக்கணும்."

ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு முன்னால் போய் நின்று, புதிதாக ஓட்டுகிறவளுக்குக் காட்டுவதுபோல இரண்டு கையாலும் 'வா, வா' என்றார்.

ஒரு சாண் நகர்ந்தால் போதும்.

பிரேக்கிலிருந்து காலை எடுக்க என்னால் முடியவில்லை.