ஆலா

கடல் வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு, அலைச்சத்தம் காதில் விழாத ஊராகப் பார்த்துத்தான் வைரக்கண்ணு குடிவந்தான். இன்று அமாவாசை. கடலுக்குப் போய்த் திரும்பாத அவன் அப்பாவுக்குப் படைத்த சோற்றை, மனைவி அஞ்சலாட்சி இலையில் அள்ளி மதில்மேல் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டாள். காக்கை எடுக்கும்வரை வீட்டில் யாரும் ஒரு பருக்கைகூட வாயில் வைக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் கோடையில் காக்கைகளும் ஊரைவிட்டு எங்கோ போய்விட்டிருந்தன. உச்சிவெயில் சாய்ந்தது. பசியில் அவனுக்குக் கண் இருட்டியது.

கடைசியில் வந்தது ஓர் ஆலா. கடலைவிட்டு அகலாத அந்த வெள்ளைப் பறவையைக் கரைக்கு இத்தனை தூரத்தில் அவன் பார்த்ததே இல்லை. அது இறக்கையை மடித்துக்கொண்டு நிதானமாகத் தின்றது.

“மாமா வந்துட்டாங்க பாருங்க,” என்று அஞ்சலாட்சி கும்பிட்டாள். “கடல்ல போனவங்க காக்காயாவா வருவாங்க? எப்படியோ வழி கேட்டு வந்துட்டாங்க.”

அவனுக்குக் கும்பிடத் தோன்றவில்லை. அது பறந்து வந்த கிழக்குத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இலை போட்டதும் உட்கார்ந்து, முதல் கவளத்தை வெறுஞ்சோறாக வாயில் வைத்தான். உப்புக் கரித்தது. மெல்லுவதை நிறுத்தினான்.

“சோத்துல உப்பு போட்டியா?”

“படையல் சோத்துல யாராவது உப்பு போடுவாங்களா? நம்ம போர் தண்ணியில வடிச்சதுதான்.”

மதில்மேல் ஆலா இன்னும் உட்கார்ந்திருந்தது. அஞ்சலாட்சி அதற்கு இன்னொரு கை சோறு கொண்டுபோனாள். வைரக்கண்ணு தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தான். இந்த ஊருக்குக் குடிவரும்போது சாமான் கட்டிய கயிறு அங்கேதான் கிடந்தது.