பத்தாம் நம்பர் செருப்பு

மாடி வாசலில் ஆம்பிளைச் செருப்பு. கறுப்பு. பத்தாம் நம்பர்.

கீழ்வீட்டுக் கமலம்மாள் அதைப் பதினோரு நாளாகக் கவனித்து வருகிறாள்.

மாடியில் குடியிருப்பது இரண்டு பெண்கள். கொள்ளேகாலத்து ஜோதிமணி, ஹனூர் மோகனப்ரியா. மைசூரில் முதல் வருஷப் படிப்பு. வீட்டுக்காரியான கமலம்மாள் வாடகை பேசும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆம்பிளை வாடை ஆகாது. எங்க வீட்டுக்காரர் பொல்லாதவர். தெரிந்தால் அன்றைக்கே காலி.

கமலம்மாள் குண்டலுபேட்டையிலிருந்து வந்து, அக்ரஹாரத்தில் இந்த வீட்டை வாங்கி மூன்று வருஷம். கணவர் உள்ளே படுத்திருக்கிறார் என்று அவள் சொன்னால், காய்கறிக்காரர்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் விலை சொல்வார். கதவோரம் கணவருடைய பழுப்புத் தோல் செருப்பு கிடக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியில் குரலும் கேட்டுவிட்டது. கனமான ஓர் இருமல். பிறகு யார், என்ன வேண்டும் என்று கன்னடத்தில் ஓர் அதட்டல்: "யாரு? ஏன் பேக்கு?"

கமலம்மாள் மாடியேறினாள்.

"அந்த ஆளை வெளிய வரச் சொல்லு."

"யாரும் இல்லீங்க ஆன்ட்டி," என்றாள் ஜோதிமணி.

"குரல் கேட்டேனே."

"அது நானுங்க."

இருமிக் காட்டினாள். மளிகைக் கடை வைத்திருக்கும் அவள் அப்பாவின் இருமல், அச்சு அசல். தொடர்ந்து "ஏன் பேக்கு?" விஷயம் தெரிந்த மோகனப்ரியாவே துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு மோகனப்ரியாதான் விளக்கினாள். இரண்டு வாரத்துக்கு முன் ஒருவன் கேஸ் செக்கிங் என்று வந்து கதவைத் தட்டினான். அடையாள அட்டை கேட்டால் காட்டவில்லை. வீட்டில் யார் யார் என்று மட்டும் மூன்று தடவை கேட்டான். ஸ்டேஷனில் சொல்லியாகிவிட்டது. போலீஸ் வரும்வரை இருக்கட்டும் என்று சந்தையில் செருப்பும் வாங்கியாகிவிட்டது. இன்றைக்கு மறுபடி வந்தவன், இருமல் கேட்டதும் இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனான்.

கமலம்மாள் நம்பவில்லை.

"பதினோரு நாளா அந்தச் செருப்பு ஒரு இன்ச் நகரலை. ஆள் உள்ளயே குடியிருக்கான்னுதானே அர்த்தம்? எங்க வீட்டுக்காரர் காதுக்குப் போறதுக்குள்ள காலி பண்ணிடுங்க."

திங்கட்கிழமை பரீட்சை. இனி வேறு வீடு தேடவா, படிக்கவா?

"நானே அங்கிள்கிட்ட வந்து சொல்லிடறேனுங்க," என்று ஜோதிமணி படியிறங்கினாள். கமலம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே ஓடினாள்.

கீழ்வாசலில் ஜோதிமணி நின்றுவிட்டாள். பழுப்புச் செருப்புக்கும் சுவருக்கும் நடுவில் சிலந்தி வலை. நாள்பட்ட வலை.

"அங்கிள் செருப்பும் நகர்ந்த மாதிரி தெரியலீங்களே ஆன்ட்டி."

கமலம்மாள் குனிந்து முந்தானையால் வலையைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். நிமிர்ந்தபோது குரல், காய்கறிக்காரர் குரல் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"ஆறரைக்குப் பால்காரன் வருவான். நாளைக்கு என் கதவுக்குப் பின்னால நின்னு அந்த இருமலை ஒரு தடவை இருமிடும்மா. அவர் குண்டலுபேட்டையிலயே போய்ச்சேர்ந்துட்டார். இங்க மூணு வருஷமா வெறும் செருப்பை வெச்சே ஓட்டிட்டிருக்கேன்."