கை இறங்கும் வரை

எடை தூக்கும் போட்டி. டெட்லிஃப்ட் மேடையில், தையல்காரியின் தொடைகளோடு ஒட்டி நிற்கிறது இரும்புத் தண்டு. தட்டுகளோடு நூற்றைம்பது கிலோ. தூக்கியாகிவிட்டது, ஆனால் எதிரே உள்ள நடுவர் உயர்த்திய கையை இறக்கும் வரை கீழே வைக்கக் கூடாது. போன வருடம் இதே எடையை ஒரு நொடி முந்தி இறக்கியதில் அத்தனையும் வீணாய்ப் போயிற்று. அதனால் ஆறு மாதமாக இதை மட்டும்தான் பழகினாள்: பட்டை சுற்றாத வெறுங்கை, போட்டிக்கு வரும் அதே தண்டு, எதிரே ஒரு கையை உயர்த்திக்கொண்டு நாத்தனார். மறுகையில் டீ. நாத்தனார் என்றால் நாத்தனார்தான். கடைசிச் சொட்டையும் உறிஞ்சாமல் அந்தக் கை இறங்காது. "இருங்க அண்ணி, இன்னும் டீ முடியல." இப்போது உள்ளங்கை எரிகிறது, கழுத்து நரம்பு துடிக்கிறது, தண்டு மட்டும் அசையவில்லை. நடுவரின் கை இறங்குகிறது. தண்டு சத்தமில்லாமல் தரையைத் தொடுகிறது. செல்லும் என்று மூன்று விளக்குகளும் வெள்ளையாக எரிய, அரங்கம் அதிர்கிறது. அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறாள்: "என்னடி, அவ்வளவுதானா? இந்த நடுவரு டீயே குடிக்கலையே."