லேபிள் வச்சவனுக்கா பேரு?

நல்லூர் பனியன் கம்பெனியில் டீ இடைவேளை. செல்போனில் கால்பந்து மேட்ச் பார்த்து முடித்த டெய்லர் கருத்தம்மா கொதித்தாள்.

"ஓரமாவே ஓடி ஓடி மூணு கோலுக்கும் பந்தைக் கொண்டாந்து குடுத்தது ராபின். ஆட்ட நாயகன் விருது கோல் அடிச்சவனுக்கா? பனியன் முழுக்கத் தைச்சது ஒருத்தி, கடைசியில லேபிள் வச்சவளுக்குப் பேரா? வருசக்கணக்கா இதே அநியாயந்தான். ஒரு பய அவன் பேரைச் சொல்லுதானா?"

அவள் மகன் அந்த அணியில் ஆடுகிறான் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்த புது சூப்பர்வைசர் சுபஸ்ரீ, "விடுங்கக்கா, பெத்த மனசு கொதிக்கத்தானுங்க செய்யும்" என்றாள்.

போன் அடித்தது.

"அம்மா, பாத்தியா? எனக்குத்தான் விருது!"

"பாத்தேம்லே முனீசு. வெக்கமில்லாம வாங்கிட்டு நிக்கியே! மொதல்ல அதை ராபின் கையில குடு. அப்புறமா அம்மாகிட்டப் பேசு."