ஞாயிறு பின்னேரக் கோச்சி

பையை இன்னும் கீழே எடுத்து வைக்கவில்லை.

அடுப்படி வாசலில் நின்று அன்ரோனெற் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு பின்னேரம் இந்த நேரத்துக்குப் பஸ்ரியனின் தோல்பை வாசலுக்கு வந்திருக்க வேண்டும். அது அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. பஸ்ரியன் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்தான்.

தலைமன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகிற கோச்சி வரப்போகிறது. ஓலைத்தொடுவாயிலிருந்து ஸ்ரேசனுக்குச் சைக்கிள் மிதித்தாலும் கொஞ்சத் தூரம்.

நேரமாகிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் புருசனைத் துரத்துகிறாள் என்று ஆகிவிடும்.

துரத்தத்தான் அவளுக்கு ஆசை.

சனி ஞாயிறில் இந்த வீட்டில் சத்தம் கூடாது. பஸ்ரியன் கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கொட்டாஞ்சேனையில் அவன் இருக்கிற அறைக்குக் கீழே ஒரு தகரப் பட்டறை. கிழமை முழுக்க அந்த இடியைக் கேட்டுவிட்டு வருகிற மனுசனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒன்றும் நடக்காத இரண்டு நாள்.

ஒன்றும் நடக்காது. படலை சாத்தியிருக்கும். ரேடியோவை ஒரு துணி மூடியிருக்கும். தேங்காய் துருவுவதென்றால் அவன் கிணற்றடிக்குப் போகிற நேரம் பார்த்துத் துருவ வேண்டும். செபமாலைகூட மெல்லிய குரலில்தான், கடைசியில் வழமையாகச் சேர்த்துச் சொல்லும் அந்த ஒரு அருள்நிறைச் செபம் உட்பட.

அவன் குடிக்கமாட்டான். கத்தமாட்டான். கறியில் குற்றம் பிடிக்கமாட்டான். கதிரையில் சாய்ந்தபடி இடைக்கிடை "என்ன ஒரு நிம்மதி" என்பான். அவள் பக்கத்தில் இருந்தால் போதும், சும்மா.

பக்கத்து வீட்டுப் பெற்றிசியாவுக்கு அவளைப் பார்த்தால் பெருமூச்சு வரும். பெற்றிசியாவின் புருசன் கடலுக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் ஒருவரும் வலை போடுவதில்லை. ஆகவே அன்று முழுக்க அவன் வீட்டில் நிற்பான், அன்று முழுக்க அங்கே சண்டை நடக்கும். சண்டை முடிய இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். அதையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து அன்ரோனெற் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படி ஒரு நல்ல மனுசனைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது?

திங்கள் விடிந்தால் படலை திறந்துவிடும். பெற்றிசியா வருவாள். எருக்கலம்பிட்டியிலிருந்து பாய் விற்க வரும் உம்மு குல்சூம், விற்க வந்த பாயையே முற்றத்தில் விரித்து இருந்துவிடுவாள். ரேடியோ பாடும், தாயக்கட்டை உருளும். உம்மு குல்சூம் கள்ள ஆட்டம் ஆடி அளாப்புகிறாள் என்று ஏசினால் அவள் ஊருக்கே கேட்கச் சிரிப்பாள். அன்ரோனெற்றும் சிரிப்பாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அவளுக்கு அப்படியெல்லாம் சிரிக்க வரும் என்று பஸ்ரியனுக்குத் தெரியாது.

அதற்காகத்தான் இந்த இரண்டு நாளையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கழிப்பது.

தூரத்தில் கோச்சி கூவியது.

அவளால் பொறுக்க முடியவில்லை. எட்டி அலுமாரியின் மேல் கையைப் போட்டாள்.

"பையை விடும்," என்றான் பஸ்ரியன். கண்ணைத் திறந்து சிரித்தான். "இனிப் போகத் தேவையில்லை. எனக்கு மன்னாருக்கு மாற்றம் கிடைச்சிட்டுது. இந்தக் கோச்சி போகேக்க சொல்லுவமெண்டு வைச்சிருந்தனான்."

கோச்சி ஸ்ரேசனில் நின்றது. பிறகு மறுபடி கூவிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் கேட்காமல் போகும்வரை அவள் கையை இறக்கவில்லை.

"எல்லாம் உம்மட நேர்த்தியாலதான். மடுவுக்கு நடக்கேக்க நானும் வாறன். கதைக்காமல், ஆறுதலா நடப்பம்."

அவளுடைய நேர்த்திதான். கலியாணம் முடித்த புதிதில், ஒவ்வொரு ஞாயிறும் அவன் போகும்போது படலையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள். இவருக்கு ஊரோடு மாற்றம் கிடைத்தால் நடந்தே வருகிறேன் என்று மடுமாதாவிடம் நேர்ந்தவளும் அவள்தான். அன்றிலிருந்து அவன் வீட்டில் நிற்கிற இரவெல்லாம் செபமாலை முடிய, அந்த நேர்த்திக்கென்று ஒரு அருள்நிறை. முதற்பாதி பஸ்ரியன் சொல்வான், மற்றப் பாதி அவள்.

அழுகை எப்போதோ நின்றுவிட்டது. அருள்நிறை நிற்கவில்லை. கேட்டது இனி வேண்டாம் என்று மாதாவிடம் எப்படிச் சொல்வது? அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

பொழுதுபட்டதும் விளக்கைக் கொளுத்தி மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்றார்கள். செபமாலை முடிந்தது. பஸ்ரியன் சற்று யோசித்தான்.

"நேர்த்தியும் பலிச்சிட்டுது. இனி இந்த ஒண்டை என்னத்துக்காகச் சொல்லுவம், நீர் சொல்லும்."

அன்ரோனெற் மாதாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

வேலிக்கு அப்பால் பெற்றிசியா பெரிதாகச் சிரித்தாள். பஸ்ரியன் எழுந்து போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்தான்.

"இந்த அமைதி சாகும் வரைக்கும் எங்களோட இருக்க வேணுமெண்டு சொல்லுவம்" என்று சொல்லி, அருள்நிறையின் முதற்பாதியைத் தொடங்கினான்.

மற்றப் பாதி அவளுடையது. பழகிய வாய், ஆமென் வரைக்கும் போய்த்தான் நின்றது.